போட்டுப் பாத்துட்டு சொல்றேன்

எங்கள் அலுவலகத்தில் யாராவது எதையாவது "நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டால் போதும், அக்காவிடமிருந்து கேள்வி வந்துவிடும். "எதோட ஒப்பிட்டு?" சொன்னவர் அதிலேயே பாதி சுருங்கிப் போவார். மீதியைச் சுருக்க இரண்டாவது கேள்வி தயாராக இருக்கும். "போட்டுப் பாத்தீங்களா?"

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இதையும் வேறு யாரோ எழுதிய கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, இரண்டில் எது மட்டம் என்று போன் செய்து சொல்வார். செய்யக்கூடியவர்தான். எனவே அக்கா என்றே இருக்கட்டும். நான் கூப்பிட்டதும் அப்படித்தான்.

சிங்கப்பூரில், தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வணிகக் கட்டடம். கீழே நகைக்கடைகள், நாலாவது மாடியில் நாங்கள். குழந்தைகளுக்குத் தமிழில் கார்ட்டூன் தொடர் செய்கிற சின்ன நிறுவனம். நான் திருச்சியிலிருந்து வேலைக்கு வந்தவள். படத்தில் வெயில் எந்தப் பக்கம் விழ வேண்டும், நிழல் எவ்வளவு கறுக்க வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. அக்கா சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர், பேச்சில் அந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டே வரும், சுவா சூ காங்கில் வீடு. எங்கள் கணினிகள் அத்தனையையும் கட்டி மேய்ப்பவர் அவர் ஒருவர்தான்.

நான் முதல் கடையிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிற ரகம். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அக்காவோடு தோசை சாப்பிடப் போனது எனக்கு ஒரு தண்டனையாக அமைந்தது. தேக்கா சந்தையில் இரண்டு கடைகளில் ஒரே நேரத்தில் தோசை சொன்னார். ஒன்றை என் முன்னால் வைத்தார், இன்னொன்றைத் தன் முன்னால் வைத்தார். பாதி சாப்பிட்டதும் தட்டை மாற்றினார். நான் இதுதான் நல்ல தோசை என்று ஒன்றைக் காட்டினேன்.

"அது நீ முதல்ல சாப்பிட்டது. பசியில எதுவும் ருசிக்கும் லா. நாளைக்கு மாத்திச் சாப்பிடணும்."

மறுநாளும் போனோம். எனக்கு இரண்டும் தோசையாகத்தான் இருந்தன. அக்கா மட்டும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஒரு கடைக்குத்தான் போவார். நடுவில் நின்று யோசிப்பதோ, இன்றைக்கு அதை முயன்று பார்க்கலாமா என்று சபலப்படுவதோ அவரிடம் கிடையாது. பார்க்கும்வரைதான் சந்தேகம். பார்த்த பிறகு கல்லில் செதுக்கியது போல இருப்பார்.

குடை வாங்கப் போனால் இரண்டு குடையை வாசலில் விரித்து, எதிர்க்காற்றில் நிற்பார். வீட்டிலிருந்து அலுவலகம் வர பஸ்ஸா எம்ஆர்டியா என்று தெரிந்துகொள்ள, மழை நாளில் ஒரு தடவையும் வெயில் நாளில் ஒரு தடவையும் கணவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தான் ரயிலில் வந்தாராம். பாவம் அந்த மனிதர், அவருக்குத் தேக்காவில் ஒரு வேலையும் இல்லை. "மாப்பிள்ளையையும் இப்படித்தான் பாத்தீங்களா அக்கா?" என்று ஒரு நாள் வாயைக் கிளறினேன்.

"அதுல மட்டும் ஒரே ஒரு சாம்பிள்தான் பாத்தேன்" என்றார் முகத்தை அசைக்காமல். "அதான் இன்னைக்கு வரைக்கும் ரிசல்ட் சொல்ல முடியல."

சிரிக்கலாம். ஆனால் அவரிடம் எதையும் கேட்க ஒரு பயமும் இருந்தது. தீபாவளிக்கு இரண்டு சேலைகளைப் போட்டோ எடுத்து அனுப்பி, எது எனக்கு நல்லா இருக்கும் என்று கேட்டேன். ஊர் உலகத்தில் எல்லாரும் "ரெண்டுமே சூப்பர்" என்று பதில் போடுவார்கள். அக்கா "ரெண்டுமே உனக்கு ஒத்து வரல" என்று போட்டார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடி முன்னால் இரண்டையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி என்று தெரிந்தபோது கோபம் இன்னும் கூடியது.

இப்படிப்பட்டவரிடம் போய் எங்கள் முதலாளி அந்த வேலையைக் கொடுத்தார்.

தொடருக்கு இரண்டாவது பருவம் கிடைத்திருந்தது. திங்கள்தோறும் ஒரு பகுதியை ஒளிபரப்புக்குக் கொடுத்தாக வேண்டும். எங்கள் கணினிகளோ கிழடு தட்டியவை. நாங்கள் வரைந்து, ஒளி வைத்து முடித்ததை ஒவ்வொரு சட்டமாக, அதாவது ஃபிரேமாக, கணக்கிட்டு, கடைசிப் படமாக மாற்றித் தருவதை ரெண்டர் என்போம். அதற்கே வாரக் கடைசி முழுவதும் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வாங்கியே ஆக வேண்டும். முன்னால் இரண்டு வழிகள் இருந்தன; இரண்டு பிராசஸர்கள் என்றே சொல்லலாம்.

ஒன்று, பெரிய சர்வர் ஒன்று. அதன் பிராசஸருக்குள் அறுபத்து நாலு கோர்கள். கோர் என்றால் உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் அதிகம், ஆனால் ஒவ்வொருவரும் நிதானம். இன்னொன்று, எங்கள் மேசைக்குக் கீழே ஆளுக்கொன்றாக வைக்கும் வொர்க்ஸ்டேஷன்கள். அந்தப் பிராசஸரில் பதினாறு ஆட்கள்தான், ஒவ்வொருவரும் பம்பரம். அக்கா முதல் நாளே பெயர் வைத்துவிட்டார். சர்வர் கூட்டுக்குடும்பம், வொர்க்ஸ்டேஷன் தனிக்குடித்தனம். அதற்குப் பிறகு அலுவலகத்தில் யாரும் மாடல் எண்ணைச் சொல்லவில்லை.

கூட்டுக்குடும்பத்தோடு விற்பனைக்காரர்களின் பராமரிப்பு ஒப்பந்தமும் சேர்ந்து வரும். பழுது என்றால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தனிக்குடித்தனத்துக்கு அப்படி எதுவும் கிடையாது, விலையும் குறைவு. ஆனால் அத்தனை பெட்டிகளையும் கவனிக்க உள்ளே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அக்கா.

முதலாளி நல்லவர்தான். மறைக்கவில்லை. எல்லாரும் இருந்த கூட்டத்திலேயே சொன்னார். "பெரிய மெஷின் வந்தா மெயின்டனன்ஸ் அவங்க பாத்துக்குவாங்க. அப்ப உங்க போஸ்ட் இருக்காதும்மா. ஆனா எது நமக்கு நல்லதுன்னு கண்டுபிடிக்கவும் உங்களை விட்டா எனக்கு ஆள் இல்ல."

எனக்கு ஆட்டிடமே கத்தியைக் கொடுத்துத் தீட்டச் சொன்ன மாதிரி இருந்தது. அக்காவின் மகள் அப்போதுதான் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தாள். கணவர் டாக்சி ஓட்டியவர், முதுகு வலியால் பாதி நாள் வண்டியை எடுப்பதில்லை. அந்த வீடு அக்காவின் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பதை நெருங்குகிற வயதில் புது வேலை தேடுவது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும்.

"ஓகே பாஸ்" என்றார் அக்கா. "போட்டுப் பாத்துட்டு சொல்றேன்."

சர்வர் விற்கிறவர் வந்து திரையில் படம் காட்டினார். கம்பி கம்பியாக உயர்ந்த வரைபடங்கள். அவர் பிராசஸரின் கம்பி எல்லாவற்றிலும் மற்றதைவிட உயரம். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"இது யாரோட வேலையப் போட்டு எடுத்தது?"

"ஸ்டாண்டர்ட் பெஞ்ச்மார்க் டெஸ்ட் மேடம். உலகம் முழுக்க இதைத்தான் பாக்கறாங்க."

"எங்க ஆளுங்க ஸ்டாண்டர்டா வரைய மாட்டாங்க லா. ரெண்டு மெஷினையும் இங்க கொண்டாந்து வைங்க. எங்க வேலையப் போடறேன்."

இரண்டும் வந்தன. அக்கா தேர்ந்தெடுத்தது எங்கள் மழைச் சந்தைக் காட்சி. இரவு, நூறு விளக்குகள், கொட்டுகிற மழை, தரையெல்லாம் தேங்கிய நீரில் அத்தனை விளக்குகளின் பிரதிபலிப்பு. நான்தான் ஒளி வைத்தேன். கணினியைக் கதற வைப்பதற்கென்றே செய்தது போன்ற காட்சி.

அந்த வாரம் நடந்த சோதனைகளில் எனக்குப் பரம சந்தோஷம். ரெண்டரில் கூட்டுக்குடும்பம் முந்தியது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பகலில் நாங்கள் உட்கார்ந்து செய்யும் வேலையில், கோப்பைத் திறப்பது, பாத்திரத்தை அசைத்துப் பார்ப்பது, விளக்கை நகர்த்துவது, இதிலெல்லாம் தனிக்குடித்தனம் பறந்தது. அங்கே ஆள் எண்ணிக்கையைவிட ஒரு ஆளின் வேகம்தான் முக்கியம். விலையையும் சேர்த்துப் பார்த்தால் தனிக்குடித்தனம்தான் ஒரு படி மேலே நின்றது. அக்காவுக்கும் அதுதான் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். பெட்டியைத் திறந்து மூடும்போது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "அப்ப முடிஞ்சது அக்கா" என்றேன்.

"சனிக்கிழமை இன்னும் பாக்கல."

எங்கள் கட்டடத்தில் சனிக்கிழமை மத்தியானத்தோடு பொது ஏர்கானை நிறுத்திவிடுவார்கள். ஜன்னல்கள் திறக்காது. திங்கள் காலை வரை அந்த மாடி ஒரு அடுப்பு. எங்களுக்கோ திங்கள் கெடு என்பதால் பெரிய ரெண்டர் எல்லாம் அந்த நேரத்தில்தான் ஓடும். வேறு எந்த ஊரில், எந்த ஆய்வுக்கூடத்தில் இந்தச் சோதனையைச் செய்வார்கள்? எங்களுக்கு மட்டும்தான் அது தேவை.

"பெரிய குடும்பம், சின்ன வீடு" என்றார் அக்கா. "சனிக்கிழமை மூச்சுத் திணறும் பாரு." சர்வர்தான் சூட்டில் விழும் என்று அவர் நம்பினார். நானும் நம்பித்தான் கூடப் போனேன்.

அறை புழுங்கியது. விற்பனைக்காரரின் வழவழப்பான விளம்பரத் தாளால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். தனிக்குடித்தனம் பாய்ச்சலாகத்தான் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த சட்டம் வரத் தாமதமானது. அதற்கடுத்தது இன்னும் தாமதம். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைத்தான் அது செய்துகொண்டிருந்தது. வேகமான ஆட்களுக்குச் சூடும் அதிகம். பக்கத்தில் கூட்டுக்குடும்பம் விசிறிகளை அலறவிட்டுக்கொண்டு, ஒரே நடையில் போய்க்கொண்டிருந்தது.

அக்கா குனிந்து வொர்க்ஸ்டேஷனின் மேல் புறங்கையை வைத்தார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. "கொதிக்குது" என்றார்.

பிறகு, தனிக்குடித்தனம் சுவரோரம் இருந்தது, வெயில் அடிக்கும் சுவர், அது சரியில்லை என்று யோசித்து, அடுத்த சனிக்கிழமை இரண்டையும் இடம் மாற்றி வைத்து முதலிலிருந்து ஓட்டினார். அதே முடிவுதான் வந்தது. அப்படியானால் வாரக் கடைசியில் ஒரு பகுதி முழுவதையும் முடிக்க தனிக்குடித்தனத்தில் இன்னும் இரண்டு பெட்டிகள் கூடுதலாக வாங்க வேண்டும். விலை லாபம் அதிலேயே கரைந்தது.

அன்று கீழே கோப்பிக்கடையில் வைத்து நான் கெஞ்சினேன். உண்மையிலேயே கெஞ்சினேன்.

"அக்கா, சனிக்கிழமை பாக்கச் சொல்லி யாரும் கேக்கல. பாஸுக்குத் தெரியவே தெரியாது. ரிப்போர்ட்ல அந்த ஒரு பக்கத்தை எடுத்துடுங்க. மீதி எல்லாம் உண்மைதானே?"

அவர் பால் கலக்காத தே ஓவை ஆற்றிக்கொண்டிருந்தார். "பக்கத்தை எடுத்துடலாம். சனிக்கிழமைய எங்க கொண்டு போய் வைக்கிறது?"

"உங்க வேலை போயிடும் அக்கா."

"தெரியும் லா. நான் என்ன பேபியா?" கோப்பையைக் கீழே வைத்தார். "பயமாத்தான் இருக்கு. வீட்டுல இவர்கிட்ட இன்னும் சொல்லல. ஆனா இதுல நான் பொய் எழுதினா, அடுத்த மாசம் ஒரு எபிசோட் நின்னு போகும். அப்ப எல்லாரும் என் மூஞ்சியப் பாப்பீங்க. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கறது?"

அவருக்குப் பயம் உண்டு என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். அந்தக் கணம் அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதே அளவுக்கு எரிச்சலும் வந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற ஆளை என்னதான் செய்வது?

திங்கட்கிழமை அறிக்கையை அப்படியே கொடுத்துவிட்டார். சர்வரை வாங்குங்கள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். அன்றைக்கே ஆர்டர் போட்டார்.

சர்வர் வந்து, பொருத்தி, எங்கள் வேலையும் அதில் ஓடத் தொடங்கியது. முதல் திங்களிலேயே அந்த வாரப் பகுதி சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று மாலை முதலாளி அக்காவின் மேசைக்கு வந்தார். அவருக்கு மனசாட்சி குத்தியிருக்க வேண்டும்.

"நீங்க எங்கயும் போக வேணாம்மா. எப்படியாவது உங்கள நான் வச்சுக்கறேன்."

நான் கையெடுத்துக் கும்பிடாத குறை. அக்கா நாற்காலியைத் திருப்பினார்.

"எப்படியாவதுன்னா எப்படி பாஸ்? அவங்க கான்ட்ராக்ட் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதையும் போட்டுப் பாத்துடலாமே."

"வேணாம்மா."

"கேன் பாஸ், முடியும். ஒரு பழுது பண்ணுங்க. என்ன பழுதுன்னு எனக்கும் தெரியக் கூடாது, அவங்களுக்கும் தெரியக் கூடாது. யார் நல்லா பாக்கறாங்கன்னு பாருங்க."

பழுதை நான் செய்கிறேன் என்று பாய்ந்தேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ எனக்குத் தெரிஞ்ச பழுதாப் பாத்துப் பண்ணுவ. பாஸே பண்ணட்டும். அவருக்கு ஒண்ணும் தெரியாது, அதான் நல்லது."

மறுநாள் காலை சர்வரை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார்கள். முழுக்கைச் சட்டையும் டையுமாக முதலாளி சர்வருக்குள் கையை விட்டதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கத் திரும்பினேன். அக்கா என் தோளைப் பிடித்து லிஃப்ட் பக்கம் திருப்பி நிறுத்தினார். "பாத்தா உன் மூஞ்சியே சொல்லிடும்."

உள்ளே போனோம். சர்வர் கண் திறக்கவில்லை, மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான் போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டு ஒப்பந்தக்காரர்களைக் கூப்பிட்டேன். அக்கா மூடியைக் கழற்றத் தொடங்கினார். கடைசித் திருகு இன்னும் கையில் இருக்கும்போதே மறுமுனையில் ஒரு இளைஞன் பேசினான்.

"மேடம், மெஷின் எங்களுக்கே மெசேஜ் அனுப்பிடுச்சு. ஆறாவது மெமரி சரியா உக்காரல. வேற எல்லாம் ஓகே. நாளைக்கு மத்தியானம் ஆள் வருவாங்க."

மெமரி என்பது சீப்பு நீளத்துக்கு ஒரு பச்சை அட்டை. அக்கா மூடியைத் தூக்கினார். ஆறாவது அட்டையின் ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றது.

"கரெக்டாச் சொன்னீங்க தம்பி" என்றார் போனைப் பார்த்து. "வெரி குட்."

முதலாளி விடவில்லை. "ஆனா அவங்க வர நாளைக்கு ஆகுமே! நீங்க இப்பவே சரி பண்ணிடுவீங்க. அப்ப நீங்கதான் ஜெயிச்சீங்க." எனக்கும் உயிர் வந்தது. ஆமாம் அக்கா, ஆமாம், என்று நானும் கத்தினேன்.

அக்கா அட்டையின் மேல் விரலை வைத்தவர், அழுத்தாமல் எடுத்துவிட்டார்.

"இங்க வா" என்றார் என்னிடம். "ரெண்டு கட்டை விரலையும் ரெண்டு முனையில வை. நேரா அழுத்து. கிளிக்னு கேக்கும்."

"நான் எதுக்கு அக்கா? நீங்க பண்ணுங்க."

"நான் இல்லாம நடக்குதான்னுதானே பாக்கணும்? அழுத்து."

எனக்குப் புரிந்துவிட்டது: என்னாலேயே இதைச் செய்ய முடிந்தால், அக்கா இல்லாமலும் நடக்கும் என்று ஆகிவிடும். முதலாளிக்கும் புரிந்தது, அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு இயந்திரங்களைத் தொட்டே பழக்கமில்லை. வெளிச்சம் வைக்கத்தான் தெரியும். எனக்கு இது வராது, வரவே கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். வேண்டுமென்றே கோணலாக அழுத்தலாமா என்றுகூடத் தோன்றியது. நிமிர்ந்தேன். அக்கா என் கையைப் பார்க்கவில்லை, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் என்னால் ஏமாற்ற முடியவில்லை.

நேராக அழுத்தினேன். கிளிக் என்று கேட்டது.